ஆளில்லா மலை என்னும் பொய்

நீலகிரிக்கு வந்து தங்கிச் செல்வோர் ஒருவகைப் படத்தைக் காணாமல் திரும்புவதில்லை. பழைய பங்களாக்கள் விடுதிகளாகிவிட்ட இடங்களில் அது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. கடைத்தெருவில் அஞ்சலட்டையாகவும், நம் இல்லங்களில் நாட்காட்டியாகவும், தியான மையங்களில் செப அட்டையாகவும் அதுவே உருமாறி வருகிறது. அடுக்கடுக்காய் நீல மலைகள். அவற்றின் இடையைச் சுற்றிய பனிமூட்டம். முகிலைக் கிழித்து இறங்கும் ஒரு கற்றை ஒளி. முன்புறத்தில் ஒற்றை மரம். மனிதர் இரார், இருந்தாலும் விரல் நுனியளவே இருப்பர்.

இப்படம் அழகானது என்பதை நாம் மறுக்கவில்லை. அழகானது என்பதாலேயே எவரும் அதனைக் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் நம் மனக்குறை. இம்மலையில் வாழ்ந்தவர்கள் எங்கே? இன்று உழைப்பவர்கள் எங்கே? அவர்களைச் சட்டகத்திற்கு வெளியே நிறுத்தியவர் யார்? நம் முடிபை ஒளிக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறோம். ஆளில்லாத மலை என்பது இயற்கையில் இருந்ததன்று. தூரிகையும் சட்டமும் கைகோத்து அதனைப் படைத்தன. இன்று நம்முடைய பக்தியும் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படத்தின் குலமுறையைச் சற்று ஆராய்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் இது பெருங்கலையாக வளர்ந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆல்பர்ட் பியர்ஸ்டாட் என்பவர் 1859-இல் அரசு அனுப்பிய ஒரு பயணக்குழுவுடன் மேற்கே சென்றார். திரும்பிவந்து 1863-இல் ‘ராக்கி மலைகள், லாண்டர் சிகரம்’ என்ற பெரும் ஓவியத்தைத் தீட்டி முடித்தார். ஏறத்தாழ ஆறடி உயரமும் பத்தடி அகலமும் கொண்ட அவ்வோவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னணியில் வெண்பனி மூடிய சிகரம். நடுவே ஒளி கொட்டும் நீர்வீழ்ச்சி. முன்புறத்தில் ஷோஷோனி மக்களின் கூடாரங்களும் குதிரைகளும். காண்போர் கோவிலுள் நுழைந்தாற்போல் வாயடைத்து நிற்பர்.

அதே 1863-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் நடந்ததை அவ்வோவியத்தின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய ஐடஹோ மாநிலத்தில், பேர் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த வடமேற்கு ஷோஷோனி மக்களை அமெரிக்கப் படையினர் தாக்கினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஓவியத்தில் ஷோஷோனியர் அமைதியாக அமர்ந்திருக்க, அதே இனத்தார் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடந்தனர். ஓவியர் அக்கொலையைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. அக்கொலையைக் காணாதிருக்க மக்களுக்கு ஒரு கண்ணைக் கொடுத்தார் என்றே கூறுகிறோம்.

இன்னொரு சான்று உண்டு. கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கினுள் 1851-இல் ஒரு படை புகுந்து, அங்கு வாழ்ந்த அவானிச்சி மக்களைத் துரத்தியது. 1864-இல் அப்பள்ளத்தாக்கு பொதுமக்களின் இன்பத்திற்காகப் பாதுகாக்கப்படும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 1865-இல் பியர்ஸ்டாட் அதனைத் தீட்டினார். பொன்னொளியில் குளித்த பாறைகள், மரங்கள், ஆறு. ஓர் உயிர்கூட இல்லை. முதலில் வெளியேற்றம், அடுத்துச் சட்டம், பின்னர் ஓவியம். வரிசையை நினைவிற் கொள்க. ஏதேன் தோட்டம் என்று அமெரிக்கர் அதனைப் போற்றினர். அந்த ஏதேனிலிருந்து துரத்தப்பட்டவர்கள் பாவம் செய்தவர்கள் அல்லர், வலிமை குன்றியவர்கள்.

“அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு?” என்று வாசகர் கேட்கலாம். அந்தக் கதைக்கும் நம் மலைக்கும் இடையே ஒரே மனிதரின் கை இருக்கிறது. ரிச்சர்ட் பாரன் என்னும் ஆங்கிலேயப் படைத்துறைக் கேப்டன் 1835-இல் நீலகிரியில் சிறிது காலம் தங்கியிருந்து வரைந்த காட்சிகள் 1837-இல் லண்டனில் வண்ணப் படத்தொகுதியாக வெளிவந்தன. அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர் ராபர்ட் ஹாவெல். அவர் அதே ஆண்டுகளில் ஆடுபானின் ‘அமெரிக்கப் பறவைகள்’ என்ற பெருநூலுக்கும் தகடு செதுக்கிக்கொண்டிருந்தார். 1839-இல் ஹாவெல் அமெரிக்காவில் குடியேறி, ஹட்சன் ஆற்றங்கரையில் வாழ்ந்து, அந்நாட்டு நிலக்காட்சி ஓவியருள் ஒருவராகவே 1878-இல் மறைந்தார். உதகையின் குன்றுகளை வடித்த கை ஹட்சனின் குன்றுகளையும் தீட்டியது. உலகின் இரு கோடிகளிலும் ஒரே கண் உலவிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பாரனின் படங்களில் மனிதர் இல்லாமலில்லை. ஒரு படத்தில் தோடர்களின் மந்தும், வில்லாய் வளைந்த கூரையுடைய குடிலும், போர்வை அணிந்த தோடர்களும் இடம்பெறுகின்றனர். ஆகவே, “மக்களை மறைத்துவிட்டார்” என்ற குற்றச்சாட்டு இங்கே நேராகப் பொருந்தாது. நம் குற்றச்சாட்டு வேறு. அவர்கள் அங்கே மரத்தைப் போல, பாறையைப் போல நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெயரில்லை; தொழிலில்லை; எல்லாவற்றிற்கும் மேலாக உரிமையில்லை. மலையை அழகுபடுத்த அவர்கள் வேண்டும். மலை யாருடையது என்று கேட்டால் அவர்கள் வேண்டா. பியர்ஸ்டாடின் ஷோஷோனியருக்கும் பாரனின் தோடருக்கும் கிடைத்த இடம் ஒன்றே. ஒரு மனிதனை மறைப்பதற்கு அவனைப் படத்திலிருந்து நீக்கவேண்டிய தேவையில்லை. காட்சிப் பொருளாக நிறுத்திவிட்டாற் போதும்.

படம் வெளிவந்த காலத்தில் அந்தக் கேள்வி வெறும் கலைக் கேள்வியாக இருக்கவில்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் 1819-இல் மலையேறி, 1820-களில் உதகையில் வீடு கட்டி, ஓடைகளைத் தடுத்து ஏரியையும் அமைத்தார். பெரும் நிலம் அவர் வசமே இருந்தது. எனினும், இம்மலை நிலத்தின் உடைமையாளர் தோடரே என்று அரசிடம் வாதாடியவரும் அவரே. அவ்வாதம் எடுபடவில்லை. மேய்க்கும் உரிமை தோடருக்கு உண்டு, நிலவுடைமை இல்லை என்பதே ஆட்சியாளர் இறுதியில் எடுத்த நிலை. எருமை மேய்ப்பவனுக்கு நிலம் எதற்கு என்ற எண்ணம் அதில் ஒளிந்திருந்தது. அலைந்து திரிபவன், உழாதவன், வேலி கட்டாதவன், ஆகவே உரிமையற்றவன். ராக்கி மலையில் பேசப்பட்ட நியாயமும் இதுவே. ஓவியத்தின் இனிய ஒளியையும் அரசாணையின் வறண்ட சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே உரைப்பதை உணர்வீர்கள்.

வேறுவிதமாகவும் இம்மலையைப் பார்த்திருக்க முடியும் என்பதற்குச் சான்று நம் திருச்சபையின் ஏடுகளிலேயே இருக்கிறது. பாரனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603-இல், இயேசு சபைத் துறவி பெனிச்சியோ மலையாளக் கரையிலிருந்து காடும் மேடும் கடந்து நீலகிரிக்கு வந்தார். மறைந்துபோன பழங்காலக் கிறித்தவர்கள் மலைமேல் வாழ்வதாகப் பரவிய செய்தியை ஆய்வதே அவருடைய நோக்கம். கிறித்தவரை அவர் காணவில்லை. கண்டவர்களைப் பற்றி எழுதி வைத்தார். படகர் இருந்தனர், தோடர் இருந்தனர். அவர்களுடைய எருமைகள், வழிபாடு, மணவழக்கம் ஆகியவற்றைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார், கேட்டவற்றைக் குறித்தார். தோடரைப் பற்றிய மானிடவியலார் ரிவர்ஸின் 1906-ஆம் ஆண்டு நூலின் பிற்சேர்க்கையில் அவ்வறிக்கை இடம்பெற்றுள்ளது. அவரிடமும் அக்காலத்து ஐரோப்பியரின் தப்பெண்ணங்கள் இருந்தன; அவரைப் புனிதராக்க நாம் முயலவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் இம்மலைக்கு வந்தது மனிதரைத் தேடி. பின்வந்த ஓவியர் வந்தது காட்சியைத் தேடி. மனிதரைத் தேடி வந்தவர் எழுதியது உரையாடலாயிற்று. காட்சியைத் தேடி வந்தவர் வரைந்தது விளம்பரமாயிற்று.

பார்வை பழுதானால் நிலமும் பழுதாகும். நீலகிரியின் உச்சிப் பகுதிகள் இயல்பிலேயே புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒடுங்கிய சோலைகளுமாக அமைந்தவை. அப்புல்வெளிகளில் தோடரின் எருமைகள் மேய்ந்தன. மழைநீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈந்தது அந்தப் புல்லே. ஆட்சியாளரின் கண்ணுக்கோ அது மரமில்லாத வெற்றிடம். தரிசு என்று கணக்கெழுதினர். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்து நடப்பட்டன. வெள்ளையர் போனபின் நாமும் அதே கணக்கேட்டைத் தொடர்ந்து எழுதினோம். தோல் பதனிடும் பட்டைக்கும், காகிதத்திற்கும், செயற்கைப் பட்டிழைக்குமாக 1950-களுக்குப் பின்னும் புல்வெளிகள் மரக்காடுகளாக்கப்பட்டன. தோடர் தம் கோயிற்கூரை வேய்வதற்கென்றே தேடும் ஒருவகைப் புல் சதுப்புகளில் வளர்வது. அது இன்று அருகிவிட்டது. ஆளில்லாத மலை என்று தொடங்கிய பார்வை, புல்லில்லாத மலையில் வந்து நிற்கிறது.

இனித் தேயிலைக்கு வருவோம். பாரன் படம் வரைந்துகொண்டிருந்த அதே 1835-இல்தான் கேத்தியில் இருந்த அரசுப் பரிசோதனைப் பண்ணையில் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. பின்னர் மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. சமவெளியில் பஞ்சமும் கடனும் சாதியும் துரத்திய ஏழைகள் கங்காணிகளின் பின்னால் மலையேறினர். நடுவட்டத்தின் சிங்கோனாத் தோட்டங்களில் சீனக் கைதிகளும் உழைத்தனர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 தமிழர் இந்தியாவிற்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. அவர்களுக்கு வேலையளிக்கவே 1968-இல் அரசு குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று ‘டான்டீ’ என்று அழைக்கப்படுவது அதுவே. அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் ஆலயங்களில் நம்மோடு முழந்தாளிடுகின்றனர்.

ஆயினும் தேயிலைத் தோட்டத்தின் படத்தில் அவர்களைக் காண்கிறோமா? “பச்சைக் கம்பளம்” என்று வியந்து எழுதுகிறோம். கம்பளம் தானாக விரியுமா? தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரைக்கு மேலும் வளரும். அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் சில ஆண்டுகளுக்கொரு முறை நடக்கும் கவ்வாத்து. அதன் மேற்பரப்பு மேசைபோல் சமமாய் இருப்பதற்குக் காரணம், வாரங்கள் தோறும் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள். கண்ணுக்கு இதமளிக்கும் அந்தச் சமநிலையே ஒரு கூலிப் பெண்ணின் கைவண்ணம். அவள் அட்டைக் கடியோடும் குளிரோடும், இப்பொழுது காட்டுமாட்டின் அச்சத்தோடும் அங்கே நிற்கிறாள். படம் பிடிப்பவர், “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், காட்சி மறைக்கிறது” என்கிறார். அவள் இல்லாவிடில் அக்காட்சியே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஏரிகளின் கதையும் இதுவே. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி நீர்ப்பரப்புகளை “மனிதன் கைபடாத இயற்கை” என்று சுற்றுலாக் கையேடுகள் பாடுகின்றன. அவை குந்தா நீர்மின் திட்டத்தின் அணைத்தேக்கங்கள். கனடா நாட்டின் உதவியோடு, சுமையும் சம்மட்டியும் தூக்கிய தொழிலாளர் கட்டியவை. கைபடாதது என்று நாம் கைகூப்பும் நீரில், கைபடாத ஓர் அடிகூட இல்லை.

பங்குகளில் சிறுவர்க்கு ஓவியப் போட்டி நடத்தும்பொழுது ஒன்றைக் கண்டு வருகிறோம். “உங்கள் மலையை வரையுங்கள்” என்றால், லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் இரண்டு முக்கோண மலைகளையும் நடுவே உதிக்கும் சூரியனையும் வரைகிறது. ஓர் ஆறு, ஒரு குடிசை, அதனருகே ஒரு தென்னை மரம். உதகையின் குளிரில் தென்னை ஏது? அக்குழந்தையின் வீட்டு வாசலில் தெரிவது தகரக் கூரையிட்ட லைன் வீடுகளும், இலை நிறுக்கும் தராசும், பேக்டரிப் புகைபோக்கியும், மூட்டையோடு திரும்பும் தாயும். அவையெல்லாம் படத்திற்குரியவை அல்ல என்று அதற்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தன் தாயை வரையத் தகாதவள் என்று ஒரு குழந்தை எண்ணுமாறு செய்த கலை, எத்தனை ஒளிமிக்கதாயினும் நமக்கு உவப்பானதன்று. திரைப்படமும் தன் பங்கிற்கு இதனையே செய்தது. பைக்காராப் புல்வெளியில் ஆயிரம் காதலர் ஆடிப் பாடியிருப்பர். அந்த மேட்டில் எருமை மேய்த்தவனைத் திரையில் கண்டவர் எத்தனை பேர்?

நம் வாதத்திற்கு எதிராக மூன்று மறுப்புகள் எழும். அவற்றை நேர்மையோடு எதிர்கொள்வோம்.

முதலாவது, “கலையைக் கலையாகப் பாருங்கள், ஏன் அதில் நிலப்பட்டாவைத் தேடுகிறீர்கள்?” என்பது. பியர்ஸ்டாட் தம் கலையில் நிலத்தைத் தேடவில்லையா? லாண்டர் என்ற பெயரே அப்பயணக்குழுவின் தலைவருடையது. 1862-இல் உள்நாட்டுப் போரின்போது இறந்த அவருடைய பெயரை மலைக்கு இட்டவர் ஓவியர். மலைக்குப் புதுப்பெயர் சூட்டுவது உரிமை கோருவதன் முதற்படி. நம் ஊர்ப்பெயர்களையே எண்ணிப் பாருங்கள். மந்து என்ற தோடரின் ஊர்ச்சொல் உதகமண்டலத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; சொல் நின்றது, சொல்லுக்குரியோர் ஒதுக்கப்பட்டனர்.

இரண்டாவது மறுப்பு பக்தியிலிருந்து வருவது. “மலைத் தனிமையில் இறைவனைக் காண்கிறோம்; மக்கள் கூட்டம் அதற்கு இடையூறு. ஆண்டவரும் மலைமேல் தனித்து வேண்டினாரே?” ஆம், வேண்டினார். அடுத்து நடந்ததையும் நற்செய்தியாளர் எழுதியிருக்கின்றனர். உருமாற்ற மலையில் ஒளியைக் கண்ட பேதுரு, இங்கேயே மூன்று கூடாரம் அமைத்துத் தங்கிவிடலாம் என்று நினைத்தார். மலைவாழிடத்தில் பங்களா கட்டும் ஆசை திருத்தூதருக்கும் இருந்தது போலும்! அவ்வாசை நிறைவேறவில்லை. இறங்கி வந்ததும் எதிர்ப்பட்டது ஒரு நோயுற்ற சிறுவனும் அவனுடைய தந்தையின் கண்ணீரும். மலையின் ஒளி அடிவாரத்தின் துயரைக் காண்பதற்காகத் தரப்பட்டது. அதை மறப்பதற்காகத் தரப்படவில்லை. தொடக்கநூலும் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபொழுது, அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே வைத்தது. மனிதனற்ற தோட்டத்தை அது வருணிக்கவில்லை. ஆளில்லாத படைப்பே தூயது என்னும் எண்ணம் விவிலியத்தில் வேர்கொண்டதன்று. மாளிகைச் சன்னலிலிருந்து மலையைப் பார்த்தவர்கள் வளர்த்த எண்ணம் அது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. “மலை அழிகிறது, யானையும் புலியும் வழியின்றித் தவிக்கின்றன, இன்னும் மனிதருக்காகவே வாதாடுவீர்களா?” மலையின் வேதனை மெய்யானது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியின் சரிவுகள் பெயர்ந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 சூலையில் அண்டையிலுள்ள வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியது. மாண்டோர் 200-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. கோடைக்கூட்டத்தைத் தாங்காமல் 2024 மே மாதம் உயர்நீதிமன்ற ஆணைப்படி நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. இவையனைத்தையும் நாம் அறிவோம். கட்டுப்பாடு வேண்டும் என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் மலையைக் காக்கும் பொறுப்பின் சுமை யார் தோளில் விழுகிறது என்று பாருங்கள். முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது. அதன் உட்பகுதி ஊர்களிலிருந்து பழங்குடியினர் உட்படப் பல குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. 2022-இல் டான்டீ வசமிருந்த சுமார் 2,150 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. அந்நிலத்தில் இரு தலைமுறை உழைத்தவர்கள் தம் எதிர்காலம் என்னவென்று கலங்கினர். காடு திரும்பி வளர்வது நன்றே. ஆனால் ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, மற்றொரு நாட்டில் மலையைப் பசுமையாக்கியவர்களை, பசுமையின் பெயராலேயே மூன்றாம் முறை இடம்பெயரச் செய்வது நீதியாகுமா? சரிவை வெட்டிக் கட்டிய சொகுசு விடுதி நிற்க, லயம் மட்டும் காலியாக வேண்டும் என்றால், அங்கே ஆள்வது இயற்கைப் பற்றன்று. பாரன் காலத்துப் பார்வையே பச்சை ஆடை உடுத்தி வந்திருக்கிறது. பணக்கார விருந்தினருக்குக் காட்சி. ஏழைக் குடிகளுக்கு வெளியேற்றம். யோசெமிட்டியின் வரிசை நம் மலையிலும் அடியெடுத்து வைக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் இதனைத்தான் கண்டித்தது. பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் இரு வேறு குரல்களாகப் பிரித்துக் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. புல்வெளியைக் காத்தவன் எருமை மேய்த்த தோடன். தேனும் கிழங்கும் மருந்தும் எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று அறிந்தவர் குறும்பரும் காட்டுநாயக்கரும். சரிவில் நீர் எங்கே கசிகிறது, எந்த வரப்பு முதலில் பெயரும் என்று கூறக்கூடியவர், முப்பது ஆண்டு அச்சரிவில் கொழுந்து பறித்தவர். மலையைக் காக்க வேண்டுமாயின் முதலில் இவர்களைக் கேட்க வேண்டும். இவர்களை வெளியேற்றிவிட்டு மலையைக் காப்பது, பிள்ளையை விற்றுத் தொட்டில் வாங்குவது போன்றது.

ஆகவே நாம் கேட்பது என்ன? ஓவியங்களை எரிக்கச் சொல்லவில்லை. பாரனின் படமும் பியர்ஸ்டாடின் படமும் இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுவோம். காட்டும்பொழுது மூன்று வினாக்களையும் உடன் கற்பிப்போம். இது யாருடைய நிலம்? இதன் அழகில் யாருடைய உழைப்பு இருக்கிறது? இதில் இடம்பெறாதவர் யார்? இவ்வினாக்களைக் கேட்டபின் அழகு குறைவதில்லை. அதன் விலை தெரிகிறது.

நம் நிறுவனங்களுக்கும் ஒரு சொல். நாட்காட்டிக்கும் செப அட்டைக்கும் விழாமலருக்கும் படம் தேர்ந்தெடுப்போர், அடுத்த முறை ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அவருடைய இசைவைப் பெற்று, அவர் விரும்பினால் பெயரோடு அச்சிடட்டும். மலைமேல் தியானம் நடத்துவோர், தியானிகளை ஒரு மாலைப்பொழுதேனும் லயத்திற்கு அழைத்துச் சென்று, அங்குள்ளோர் பேசக் கேட்கட்டும். இலைக்கு என்ன விலை, கூலி எவ்வளவு, மழை ஒழுகும் கூரையை யார் சரிசெய்வார் என்பவை தியானத்திற்குப் புறம்பான பொருள்கள் அல்ல.

எல்லாவற்றினும் அவசரமான ஒன்று உண்டு. ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நாற்பது ஆண்டு உழைத்து மலைக்குப் பசுமை தந்த ஒருவருக்கு, முதுமையில் அம்மலையில் காலூன்ற ஒரு சென்ட் நிலமில்லை. அவருக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதுவது யாருடைய வேலை என்று நம்மிடம் வினவுகிறார்கள். எழுதத் தெரிந்த ஒவ்வொருவருடைய வேலையும் அதுவே. நம் பங்குப் பேரவைகளும், அன்பியங்களும், இளைஞர் மன்றங்களும் வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறி அம்மனுக்களைக் கொடுக்கட்டும். அம்மனு நிறைவேறும் வரை, நம் சுவரில் தொங்கும் ஆளில்லா மலையின் படத்தைக் கழற்றி வைப்போம்.